ராஜதுரை சார் எழுதிய கட்டுரை

ராஜதுரை சார் வகுப்பறைக்குள் நுழைந்து எட்டு வருஷம் ஆகிறது. வேப்பந்தட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியர் என்று சம்பளப் பட்டியலில் பெயர் இருக்கும். ஆள் மட்டும் மாற்றுப்பணி என்ற பெயரில், பெரம்பலூரில் ஏதாவது ஒரு பயிற்சியில் கழுத்தில் அட்டையோடு நிற்பார். பிள்ளைகளைக் கண்டாலே அவருக்கு ஆகாது. சத்தம் தாங்கவில்லை, தலை வலிக்கிறது என்பார். அதனால் யோகாவோ, பேரிடர் மேலாண்மையோ, வாசிப்பு இயக்கமோ, எதுவானாலும் கருத்தாளராகப் பெயர் கொடுத்துவிடுவார். கருத்தாளர் என்றால் மற்ற வாத்தியார்களுக்குப் பாடம் நடத்துகிறவர். அதற்குச் சொந்தமாக ஒன்றும் தெரிந்திருக்க வேண்டியதில்லை என்பதற்கு அவரே சாட்சி.

இந்த மே மாதம் அவர் வாத்தியார்களான எங்களுக்கு நடத்த வந்தது, பிள்ளைகளைச் சொந்தமாக எழுதவைப்பது எப்படி என்று. அக்னி நட்சத்திர வெயிலில், பாதி ஃபேன் ஓடாத ஹாலில், வளர்ந்த ஆட்களான நாங்கள் சார்ட்டும் ஸ்கெட்ச் பேனாவுமாகக் குழுக் குழுவாய்த் தரையில் உட்கார்ந்திருந்தோம். அவர் திரையில் இருந்ததை வாசித்தார். அவர் வாசித்ததை நாங்கள் எழுதிக்கொண்டோம். டீ வந்தபோதுதான் எல்லோருக்கும் உயிர் வந்தது. எங்கள் லட்சணமும் அவ்வளவுதான்.

இரண்டாம் நாள், உங்கள் வகுப்பில் நடந்த ஒன்றை எழுதுங்கள் என்றார். நாங்கள் மரம் வளர்ப்போம், மழைநீர் சேமிப்போம் என்று வழக்கமான சரக்கை இறக்கினோம். குரும்பலூர் ஜெயசித்ரா டீச்சர் மட்டும் நிஜமாகவே எழுதியிருந்தார். விடியற்காலையில் வெங்காயக் காட்டில் தாள் அறுத்துவிட்டு வகுப்புக்கு வந்த ஒரு சிறுமி, பக்கத்தில் வந்த டீச்சரிடமிருந்து கையை மறைத்துக்கொண்டதைப் பற்றி. அவர் வாசித்து முடித்ததும் நான் என் மரம் வளர்ப்போம் தாளை மடித்து வைத்துவிட்டேன். ராஜதுரை சார் தாளை வாங்கிப் பார்த்தார். முன்னுரை எங்கே, முடிவுரை எங்கே, இது கட்டுரையே இல்லை என்றார். தாளை மட்டும் தன் பையில் வைத்துக்கொண்டார்.

கடைசி நாள் சென்னையிலிருந்து ஓர் அதிகாரி அம்மா வந்தார். ஜூனிலிருந்து மாற்றுப்பணியெல்லாம் ரத்து. மாநிலக் கருத்தாளராக ஒருவரை மட்டும் எடுக்கப்போகிறார்கள். அது கிடைத்தால் ராஜதுரை சார் ரிட்டையர் ஆகும்வரை சாக்பீஸைத் தொட வேண்டாம். கிடைக்காவிட்டால் பள்ளிக்கூடம்தான். அந்த அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: தன் வகுப்பைப் பற்றித் தானே எழுதியதை அவர் எங்கள் முன்னால் வாசித்துக் காட்ட வேண்டும்.

சார் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, தொண்டையைக் கனைத்து ஆரம்பித்தார். மேலே முன்னுரை, கீழே முடிவுரை, நடுவில் வெங்காயம். ஜெயசித்ரா டீச்சர் விருட்டென்று நிமிர்ந்தார். பாவி மனுஷன் ஒரு வார்த்தையைக்கூட மாற்றவில்லை. அந்தச் சிறுமி கையை மறைத்துக்கொண்டு இவரிடம் சொன்னாளாம்:

“கைய மோந்து பாக்காதீங்க டீச்சர், நாறும்.”

மீசை வைத்த ஆளை எந்தப் பிள்ளையும் டீச்சர் என்று கூப்பிடாது. ஒன்றாம் வகுப்பில் நேற்றுச் சேர்ந்ததுகூடச் சார் என்றுதான் சொல்லும். எட்டு வருஷமாக ஒரு பிள்ளையும் கூப்பிட்டிராத காதுக்கு அது உறைக்கவே இல்லை. அவர் பாட்டுக்கு முடிவுரை வரைக்கும் வாசித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

ஹாலே சிரித்தது. அதிகாரி அம்மா சிரிக்கவில்லை. இதை எழுதியது யார் என்று கேட்டார். அவ்வளவு நேரம் சிரித்த நாங்கள் அப்போது வாயைத் திறக்கவில்லை. நாளைக்கே இந்த ஆள் தப்பித்துக்கொண்டால் என்ன செய்வது என்ற பயம். ஜெயசித்ரா டீச்சர்தான் எழுந்து, “அது என் வகுப்புங்க மேடம்” என்றார். ஜூனில் உங்கள் பள்ளிக்கூடத்துக்கே போய்ச் சேருங்கள் என்று ராஜதுரை சாரிடம் சொல்லிவிட்டு அந்த அம்மா கிளம்பினார்.

திருட்டு பிடிபட்டதற்கு அவர் வெட்கப்பட்டதாகவே தெரியவில்லை. பள்ளிக்கூடம் என்ற பிறகுதான் முகம் வெளுத்தது. வாசல் வரை பின்னாலேயே ஓடி, கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு, நாங்கள் எல்லோரும் நிற்கிறோம் என்றுகூடப் பார்க்காமல் கெஞ்சினார்.

“மேடம், அந்தப் புள்ளைங்கள என்னத்த எழுதச் சொல்றதுன்னே எனக்குத் தெரியாதுங்க.”

ஐந்து நாளாக எங்களுக்கு அதைத்தான் அவர் சொல்லிக்கொடுத்தார்.