பதினேழாம் நம்பர் விழுந்த வளைவு

பைக் ரேஸ் டிராக்கைப் பார்த்ததும் நான் சொன்ன முதல் வார்த்தைக்கு முன் வரிசை முழுக்கச் சிரித்தது.

வளைவுக்கு வெளியே, தார் முடிகிற இடத்தில், பழுப்பாக ஏதோ அகலமாகப் பரப்பியிருந்தார்கள். கிண்டிவிட்ட கோடுகள்கூடத் தெரிந்தன. "அக்கா, இங்கயும் நெல்லு காயப்போட்டிருக்காங்க பாரேன்" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

அக்கா என் தொடையில் கிள்ளினாள். முன்னால் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். முப்பது வயது இருக்கும். விரல் நகம் எல்லாம் ஆயில் கறை.

"எந்த ஊரும்மா?"

"தஞ்சாவூர் பக்கம்."

"அதான பார்த்தேன். அது நெல்லு இல்லம்மா, சரளைக்கல்லு. வண்டி தவறி வெளிய வந்துச்சுன்னா அதுல புதைஞ்சு நின்னுரும். உங்களை விட்டா மூட்டை கட்டிக் கொண்டு போயிருவீங்க போலருக்கே."

நானும் சிரித்தேன். சிரித்து ஆறு மாதம் ஆகியிருந்தது. அண்ணன் செத்தும் ஆறு மாதம்.

அவனுக்கு ரேஸ் என்றால் பைத்தியம். தஞ்சாவூரில் ஒரு டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வேலை பார்த்தான். வீட்டுக்கு வந்தால் போனும் கையுமாக இருப்பான். சாப்பிடும்போது தட்டைச் சாய்த்துக் காட்டி, "இவ்ளோ சாய்வான்டி, முழங்கால் தரையில உரசும், ஆனா விழ மாட்டான்" என்பான். ரசம் தரையில் ஓடும். அம்மா கரண்டியை ஓங்கிக்கொண்டு வருவாள். வெளிநாட்டில் ரேஸுக்கு முன்னால் டயருக்குக் கம்பளி போர்த்திச் சூடாக வைத்திருப்பார்கள் என்று ஒருநாள் சொன்னான். "மார்கழிப் பனியில மாட்டுக்கே நாம போர்த்தல, அவன் டயருக்குப் போர்த்துறானா?" என்று அம்மா கேட்டாள். அதைச் சொல்லிச் சொல்லி அவன் ஒரு வாரம் சிரித்தான்.

இந்த டிராக்குக்கு ஒரு தடவை வந்திருக்கிறான். அன்றைக்கு வாசலில் டிக்கெட்டாகக் கையில் ஒட்டிய பேப்பர் பட்டையைப் பர்ஸுக்குள் வைத்திருந்தான். இந்தியா முழுக்க இருந்து வருகிறவர்களில் பதினேழாம் நம்பர்தான் அவன் ஆள். ஏதோ சின்ன ஊரில் பஞ்சர் கடை வைத்திருப்பவரின் மகனாம். "அடுத்த தடவை உன்னையும் கூட்டிட்டுப் போறேன். காது கிழியும் பாரு."

ஆனால் எங்கள் ஊர் ரோட்டில் அவன் நாற்பதைத் தாண்ட மாட்டான். பின்னால் உட்கார்ந்து, "முறுக்குடா ரேஸ்காரா" என்று முதுகில் குத்துவேன். "இது டிராக் இல்லடி. ஆடு வரும், மாடு வரும், உன்னை மாதிரி கழுதையும் குறுக்க வரும்" என்பான்.

போன தை மாதம் சம்பா அறுவடை முடிந்த கையோடு மழை பிடித்துக்கொண்டது. ஈரம் அதிகம் என்று கொள்முதல் நிலையத்தில் எங்கள் நெல்லை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் வெயில் அடித்தது. ஊரே நெல்லை ரோட்டுக்குக் கொண்டு வந்தது. எங்கள் ஊரில் ஒரு கணக்கு உண்டு. ரோட்டில் பாதி நெல்லுக்கு, பாதி வண்டிக்கு. நடுவில் வரிசையாகக் கல் வைக்க வேண்டும். எனக்கும் அம்மாவுக்கும் கிடைத்த இடம் மதகு வளைவு.

எங்கள் நெல் பாதி ரோட்டுக்குள் அடங்கவில்லை. கனமாகப் பரப்பினால் காயாது. அம்மா டீ போடுவதற்கு வீட்டுக்குப் போயிருந்தாள். நான் கற்களை ஒவ்வொன்றாகக் காலால் தள்ளி, நடுவைத் தாண்டி அந்தப் பக்கம் வைத்தேன். மீதி நெல்லை அதற்குள் பரப்பினேன். வண்டி போக ஒரு முழம் இடம்கூட இல்லை. வருகிறவர்கள் நெல்லின் மேலேயே ஏறிப் போனார்கள். மிதித்தால் சீக்கிரம் காயும் என்றுகூட நினைத்தேன்.

நாலரை மணிக்கு மேற்கே கறுத்தது. அம்மா அவனுக்குப் போன் செய்து தார்ப்பாய் வாங்கி வரச் சொல்லியிருந்தாள். அவன் அதை வண்டியில் கட்டிக்கொண்டு வந்தான். வளைவில் திரும்பும்போது என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினான் என்று நினைக்கிறேன். தூக்கவில்லையோ என்னவோ. முன் சக்கரம் நழுவியது. போய் மதகுக் கட்டையில் நெஞ்சு மோதியது. ஹெல்மெட் போட்டிருந்தான், அதில் ஒரு கீறல்கூட இல்லை. தஞ்சாவூர் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது.

மழை வருகிறது என்று யாரோ எங்கள் நெல்லை அள்ளி மூட்டை கட்டினார்கள். கற்களை வாய்க்காலில் எறிந்தார்கள். கல் எங்கே இருந்தது என்று யாரும் பார்த்து வைக்கவில்லை.

மூன்றாம் நாள் பால் தெளிப்பதற்கு முன்னாலேயே ஊர் முடிவு செய்துவிட்டது. "ரேஸு பார்த்துப் பார்த்துக் கெட்டான். அதே மாதிரி வளைவுல சாய்ச்சிருக்கான்." அம்மாவும் அதையே சொல்லி அழுதாள். அவன் போனைக்கூட அடுப்பில் போடப் போனாள், நான்தான் பிடுங்கி வைத்தேன். ஆனால் வாயைத் திறக்கவில்லை. அவர்கள் சொல்வது உண்மையாக இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். வேகமாகத்தான் வந்தானோ, எனக்குத்தான் தெரியவில்லையோ என்று தினமும் யோசிப்பேன். ஆறு மாதமும் எனக்கு அது ஒன்றுதான். அவன் சாய்த்ததா, என் நெல்லா?

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். இதையெல்லாம் யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியவில்லை. ரேஸ் ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று நினைத்தேன்.

அக்கா என் பெரியம்மா மகள், சென்னைப் பக்கம் ஒரு கம்பெனியில் செல்போன் பாகம் பூட்டுகிற வேலையில் இருக்கிறாள். ஹாஸ்டலில் இருந்து டிராக் பக்கம்தானாம். "ஞாயித்துக்கிழமை ஆனா வண்டு கத்துற மாதிரி சத்தம் வரும்டி" என்பாள். வருஷம் திரும்பாத வீட்டில் இருந்து வேடிக்கை பார்க்கப் போகிறேன் என்று சொன்னால் அம்மா விடமாட்டாள். கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்கள், கேட்டுவிட்டு வருகிறேன் என்று பொய் சொல்லி பஸ் ஏறினேன்.

வாசலில் என் கையிலும் ஒரு பேப்பர் பட்டை ஒட்டினார்கள். அதைத் தடவிக்கொண்டே உள்ளே போனேன்.

எல்லாமே புதிதாக இருந்தது. ஓட்டுகிறவர்கள் உடம்போடு ஒட்டின தோல் சட்டை போட்டிருந்தார்கள். முதுகில் காளைத் திமில் மாதிரி ஒரு மேடு. நடக்கும்போது நேராக நிமிர முடியாமல் கூனிக் கூனி நடந்தார்கள்.

"இதுங்களா ரேஸ் ஓட்டப் போவுது? முதுகு பிடிச்ச கிழவன் மாதிரி வருதுங்க" என்றாள் அக்கா.

"வண்டியில ஏறட்டும், அப்புறம் பேசுங்க" என்றார் வேர்க்கடலை அண்ணன். அவர் வேலூர்ப் பக்கம் மெக்கானிக்காம். வருஷா வருஷம் வருவாராம்.

எதிரே வரிசையாக எரிந்த சிவப்பு விளக்குகள் அணைந்ததும் ரேஸ் ஆரம்பித்தது. காது கிழியும் என்று அண்ணன் சொன்னது பொய். சத்தம் காதில் விழவில்லை, நெஞ்செலும்பில் விழுந்தது. இருபது வண்டியும் ஒரே கொத்தாக எங்கள் வளைவுக்கு வந்தன. எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரு பக்கம் சாய்ந்தார்கள். காற்றடித்தால் நாற்று சாயுமே, அப்படி. முழங்கால் தரையில் உரசியது. அவன் தட்டைச் சாய்த்தது ஞாபகம் வந்தது. அவன் கொஞ்சமாகத்தான் சாய்த்துக் காட்டியிருக்கிறான்.

யாருமே விழவில்லை. எப்படி விழாமல் இருக்கிறார்கள்? எனக்கு வாய் நிற்கவில்லை.

"அண்ணே, இவ்ளோ சாய்ஞ்சும் ஏன் வழுக்கல?"

"டயரு தாரைக் கடிச்சுக்கும்மா. சுத்தமான தாரு, சூடான டயரு. அவ்ளோதான்."

"பதினேழு எங்க?"

"ஓ, நம்ம ஆளா நீங்க? ரெண்டாவது வரான் பாருங்க, மஞ்ச ஹெல்மெட்டு." அவர் கடலைப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார். பதினேழைப் பிடிக்கும் என்றதும் சொந்தக்காரி ஆகிவிட்டேன்.

நாலாவது சுற்றில் பதினேழு முன்னால் போனவனை முந்தப் பார்த்தான். எங்கள் வளைவில், எங்கள் கண் முன்னால். கொஞ்சம் வெளியே போனான். பின் சக்கரம் ஒரு வெட்டு வெட்டியது. வண்டி ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். வண்டி சரளைக்குள் பாய்ந்து கரணம் அடித்தது. கல் பொரிகடலை மாதிரி தெறித்துத் தார் மேலேயும் விழுந்தது.

நான் எழுந்து நின்றுவிட்டேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. அக்கா என் இடுப்பைப் பிடித்து உட்கார வைக்கப் பார்த்தாள். சரளைக்குள் அவன் புரண்டு புரண்டு போனான். அசையாமல் கிடந்தான். ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். ஒன்பது எண்ணும்போது எழுந்தான். எழுந்து, தோள்பட்டையில் இருந்த தூசியைத் தட்டினான். கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு வேட்டியைத் தட்டுவதுபோல.

எல்லாரும் கை தட்டினார்கள். எனக்குக் கை வரவில்லை. எழுந்துவிட்டானே என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குள் சிவப்புக் கொடி காட்டினார்கள். எல்லா வண்டியும் வேகத்தைக் குறைத்துத் திரும்பிப் போனது.

"எதுக்கு நிறுத்துறாங்க? அவர்தான் எந்திரிச்சுட்டாரே?"

"கல்லு கிடக்குல்ல."

ஆரஞ்சு சட்டைக்காரர்கள் ஐந்தாறு பேர் ஓடி வந்தார்கள். கையில் நீளக் கம்பு வைத்த துடைப்பம். கூட்ட ஆரம்பித்தார்கள். மொத்தமாக அள்ளினால் ஒரு முறம்கூடத் தேறாது. அதைக் கூட்டினார்கள், குனிந்து பார்த்தார்கள், மறுபடி கூட்டினார்கள். ஒருவர் உட்கார்ந்து கையாலேயே பொறுக்கினார். அத்தனை ஜனமும் வெயிலில் காத்துக்கொண்டிருந்தது. யாரும் சலித்துக்கொள்ளவில்லை.

அவர் பொறுக்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வேர்க்கடலை அண்ணனிடம் கேட்டேன்.

"அண்ணே, இவங்கல்லாம் இவ்ளோ பெரிய ரேஸ்காரங்க. அந்தக் கல்லு மேல ஓட்ட முடியாதா?"

"கல்லு தனித்தனியா உருளும்மா. டயரு எதைக் கடிக்கும்? கொம்பனா இருந்தாலும் விழ வேண்டியதுதான்."

"மெதுவா போனா?"

"எவ்ளோ மெதுவா?"

"நாப்பது."

"வளைவுலயா?" அவர் கடலை உரிப்பதை நிறுத்தினார். "நாப்பது என்ன, சைக்கிள்ல போனாலும் சறுக்கும். ஓட்டுறவன் ஒண்ணும் பண்ண முடியாது. ஏம்மா?"

"எங்க ஊருல ரோட்டுல நெல்லு காயப்போடுவோம்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். பிறகு தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து என் கையில் கொடுத்தார்.

பதினேழு ஒரு ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து எங்களைத் தாண்டிப் போனான். ஹெல்மெட்டைக் கழற்றியிருந்தான். என் அண்ணன் வயதுதான் இருக்கும். கூட்டத்தைப் பார்த்துக் கையைத் தூக்கினான். இந்தத் தடவை நன்றாகத் தெரிந்தது, தூக்கினான்.

ரேஸ் மறுபடி நடந்தது. யார் ஜெயித்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா கேட்டாள். "வேலை என்னாச்சு?"

"வேலைக்குப் போவலம்மா. ரேஸு பார்க்கப் போனேன்."

அம்மா கையில் இருந்த சொம்பைக் கீழே வைத்தாள். "வருஷம்கூடத் திரும்பல. எது அவன் உயிரை எடுத்துச்சோ அதைப் போய்..."

"அது எடுக்கலம்மா. அவன் வேகமா வரல." நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கல்லைத் தள்ளியது, மீதி நெல்லைப் பரப்பியது, வாயை மூடிக்கொண்டிருந்தது. நிறுத்தினால் சொல்ல முடியாமல் போய்விடும் என்று பதினேழு விழுந்தது, கொடி காட்டியது, கூட்டியது வரைக்கும் மூச்சு விடாமல் சொன்னேன்.

அம்மா அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். பிறகு ஒன்று கேட்டாள்.

"அங்க ரோட்டைக் கூட்டிட்டுத்தான் ஓட்டுவாங்களா?"

"ஆமாம்மா."

"எதால கூட்டுவாங்க?"

"நீளக் கம்பு வச்சது. பிரஷ் மாதிரி."

அன்றைக்கு அவ்வளவுதான். பிறகு ஒரு மாதம் எங்கள் வீட்டில் உப்பு, புளி தவிர வேறு பேச்சு இல்லை. ராத்திரி எனக்குச் சோறு போடும்போது கரண்டியைத் தட்டில் தட்டுகிற சத்தம் மட்டும் பழைய மாதிரியே இருந்தது.

புரட்டாசியில் குறுவை அறுத்தோம். மறுபடியும் ரோட்டுக்கு நெல் வந்தது. இந்தத் தடவை எங்கள் நெல்லை அம்மா வீட்டு வாசலிலேயே பரப்பினாள். கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, அள்ளி, மறுபடி போட்டு நாலு நாள் ஆனது. மதகு வளைவு பக்கத்து வீட்டுச் சின்னம்மாவுக்குக் கிடைத்தது. நானும் அம்மாவும் வாய்க்காலுக்குப் போகிற வழியில் அவர் நெல்லைக் காலால் கிண்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் குரலை இறக்கிக்கொண்டார்.

"இந்த இடத்தைப் பார்த்தாலே அவன் ஞாபகம்தான் அக்கா. என்னா புள்ள! அந்த ரேஸு எழவு மட்டும் இல்லன்னா..."

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா பேசினாள்.

"ரேஸு இல்லடி. அவன் மெதுவாத்தான் வந்தான். நெல்லுலதான் சறுக்குனான். எங்க நெல்லு."

சின்னம்மா கால் அப்படியே நின்றது.

"கல்லை நான்தான் தள்ளி வச்சேன் சின்னம்மா" என்றேன். "நடுவைத் தாண்டி."

அவர் என்னைப் பார்த்தார், மதகுக் கட்டையைப் பார்த்தார், பிறகு தன் நெல்லைப் பார்த்தார். அவர் வைத்திருந்த கற்களும் நடுவைக் கொஞ்சம் தாண்டித்தான் இருந்தன. குனிந்து ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே வைக்க ஆரம்பித்தார்.

அம்மா வீட்டுக்குத் திரும்பிப் போய் ஈர்க்கு விளக்குமாற்றை எடுத்து வந்தாள், பேராவூரணியில் இருந்து பெரியம்மா கொடுத்துவிட்டதை. வண்டி போகிற பாதியில் சிதறிக் கிடந்த நெல்லை வளைவு முடிகிற வரைக்கும் கூட்டினாள். நான் பின்னாலேயே போய், கூட்டின இடத்தில் மிச்சம் கிடந்த மணிகளைக் கையால் பொறுக்கினேன்.