மூலை சீவிய அட்டை

“…டாக்டர் சீட்டு இல்லாம நான் யாருக்கு மாத்திரை குடுத்திருக்கேன், தங்கச்சி? ஒம்பது வருசமாப் பக்கத்துல நின்னு பாக்குறவ, நீயே இப்படிக் கேக்கலாமா?” என்றார் மருந்துக்கடை அண்ணன். எதிரே ஒரு பெரியவர் பிரஷர் மாத்திரைக்குக் காத்திருந்தார். அண்ணன் கையில் கத்தரிக்கோல். என் கைக்குள் ஒரு காலி மாத்திரை அட்டை.

அவர் கடையில் ஒன்பது வருடம் வேலை பார்த்திருக்கிறேன்; அந்தக் கத்தரிக்கோலை விட்டுவிட்டு அவரைப் பற்றிப் பேச முடியாது. முழு அட்டை வாங்க முடியாதவர்கள் நாலு, ஆறு என்று கேட்பார்கள். திண்டுக்கல்லில் எல்லாக் கடையிலும் வெட்டித்தான் கொடுக்கிறார்கள். இவர் மட்டும், வெட்டிய பிறகு கூராக நிற்கும் மூலைகளை வளைவாகச் சீவிவிடுவார். “நோவுன்னு வந்தவுகளை நம்ம அட்டையும் குத்தணுமாக்கும்?” என்பார். அதைப் பேகம்பூரில் எங்கள் தெரு முழுக்கச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். என் மகளை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. ‘மருமகளே’தான்.

பிளஸ் ஒன் போனதிலிருந்து மகள் மந்தமாக இருந்தாள். சாப்பிட உட்கார்ந்தால் தட்டின்மேலேயே தலை சாயும். படிப்புக் களைப்பு என்று நினைத்தேன். தினமும் மருந்துகளுக்கு நடுவே நின்ற எனக்கு அவ்வளவுதான் தெரிந்தது. ஒருநாள் மளிகைச் சாமான் எழுதப் பென்சில் தேடி அவள் ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்தேன். கவராயத்துக்கு அடியில் தூக்க மாத்திரை அட்டை, ஆறு குழியும் காலி. விளிம்பைத் தடவினேன். மூலை குத்தவில்லை. அட்டையோடு போய் மகள் முன்னால் நின்றேன்.

“பரீட்சை பயத்துல தூக்கம் வரலைன்னு கேட்டேன்மா. அப்பறம் விட முடியல. எங்க கிளாஸ்ல நாலஞ்சு பேரு அங்கதான் வாங்குறோம், நீ மூணு மணிக்குக் கெளம்புனப்பறம். உங்கம்மாகிட்ட மூச்சு விடாதேன்னு மாமாதான் சொன்னாங்க.”

அவள் இப்போது சிகிச்சையில் இருக்கிறாள், தேறிவருகிறாள். நான்தான் தேறவில்லை. முகம் தெரியாத ஒருவன் விற்றிருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். இன்றைக்கும் எந்தக் கடையில் மாத்திரை வாங்கினாலும் என் பெருவிரல் தானாக மூலையைத் தேடிப் போகிறது.

அன்று கடையில் அவர் அப்படிக் கேட்டதும், கையை விரித்து அட்டையை அவர் முன்னால் வைத்தேன். பார்த்தார். அந்த வளைந்த மூலைகளிலேயே அவர் கண் நின்றது. பிறகு பெரியவருக்கு நாலு மாத்திரை வெட்டினார். ஒன்பது வருடத்தில் முதல்முறையாக, மூலையைச் சீவாமலே பெரியவர் கையில் வைத்தார்.