எட்டு இருபத்தைந்துக்குப் போன கரண்ட்

2025 பிப்ரவரி 19, புதன். நாலரைக்கு எழுந்தேன். வரக்காப்பி குடித்தேன். ஐந்து ஐம்பதுக்குச் சுருளிப்பட்டித் தோட்டத்தில் இருந்தேன். திராட்சைக்குக் கொடி வெட்டும் கவாத்து முடிந்து நான்கு நாள். அன்றைக்குத் தண்ணீர் பாயாவிட்டால் துளிர் ஒழுங்காக வராது. கிணறு மூன்று பேருக்குப் பொது. புதன் காலை ஆறு முதல் ஒன்பது வரை என் தங்கை வீட்டுக்காரரான மாப்பிள்ளையின் முறை; ஒன்பது முதல் பன்னிரண்டு வரை என் முறை. பன்னிரண்டுக்கு மோட்டார் ஓடும் மும்முனைக் கரண்ட் போய்விடும். வியாழக்கிழமை மூன்றாவது பங்காளியான பெரியவருக்கு.

மாப்பிள்ளை கையில் அந்த வாரம்தான் ஒரு கைக்கடிகாரம் ஏறியிருந்தது. வெளிநாட்டில் செய்தது, அறுபது வருடப் பழசு. பனிமலை ஏறுகிறவர்களுக்காகவும் பாலைவனம் கடக்கிறவர்களுக்காகவும் செய்ததாம். பாறையில் மோதினாலும் நிற்காதாம். மாப்பிள்ளை கடந்திருக்கும் பாலைவனம் கூடலூர் டீக்கடை வரை நீளும். கீறல் விழுந்துவிடக் கூடாது என்று இடது கையைப் பச்சைப் பிள்ளை மாதிரி மடியில் கிடத்தி, வரப்போரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடை மாற்றியது கூலிக்கு வந்தவர்.

ஒன்பது ஆனதும் போய்ச் சொன்னேன்.

"எட்டு இருபதுதான் மச்சான் ஆகுது."

போனைக் காட்டினேன்.

"ஒங்க போனு கேரளா டவர இழுக்கும். இது அப்படியெல்லாம் எதையும் இழுக்காது."

கேரளத்திலும் அப்போது ஒன்பதுதான் என்று சொல்ல வாயெடுத்தேன். தங்கை வீட்டுக்காரர் ஆயிற்றே. நாற்பது நிமிடம் காத்திருந்தேன். ஒன்பது நாற்பதுக்கு எட்டிப் பார்த்தால் எட்டு இருபது.

"நின்னு போச்சு மாப்ள."

"பனிமலையிலயே நிக்காதது மச்சான்."

பெரியவர் வந்து, கடிகாரத்தைக் கழற்றச் சொல்லி இரண்டு முறை உதறினார். முள் நகர்ந்தது. "ஓடுதுல்ல. அம்புட்டு வெல குடுத்து வாங்கியிருக்காக, தப்பாவா காட்டும்? ஒன்பது ஆகட்டும், நீ எடுத்துக்க" என்று எனக்குத் தீர்ப்புச் சொன்னார். கடிகாரம் மாப்பிள்ளையின் கைக்குத் திரும்பியது, கை மடிக்குத் திரும்பியது. அதற்குப் பிறகு ஒன்பது வரவே இல்லை. மோட்டார் நின்றபோது என் போனில் பன்னிரண்டு. பெரியவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"எட்டு இருபத்தஞ்சு. என்னப்பா, இன்னைக்கி கரண்டு வெள்ளனவே போயிருச்சு."

சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். சூரியன் உச்சியில் இருந்தது. அதன் விலை யாருக்கும் தெரியாது என்பதால் அதுவரை யாரும் அதைக் கேட்கவில்லை. என் கொடிகளின் தூரில் மண் வெடித்துக் கிடந்தது.

சாயங்காலம் நான் தங்கை வீட்டில் இருந்தபோது, மாப்பிள்ளை கம்பம் டவுனில் கடிகாரம் பழுது பார்ப்பவருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போடும்படி தங்கை சொன்னாள்.

"இதுக்குச் சாவி குடுக்க வேணாம்ணே. கை ஆடுனா தானா ஏறிக்கிரும். நீங்க என்ன வேல பாக்குறீக?"

"விவசாயம்."

"அப்ப நிக்காதேண்ணே" என்றார் அவர்.

தங்கை எழுந்து அடுப்படிக்குப் போனாள். அங்கிருந்து, "அண்ணன் மொறையவும் சேத்துக் குடிச்சுட்டு வந்து உக்காந்துருக்கீக. போயி பெரியவருகிட்ட அண்ணனுக்கு மொற கேளுங்க" என்றாள்.

மாப்பிள்ளை கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. ஏழரைக்குப் பெரியவரே என் வீட்டு வாசலுக்கு வந்தார். "தீர்ப்புச் சொன்னவன் நாந்தான. நாளைக்கி என் மொறையில மொத மூணு மணி நேரத்த நீ எடுத்துக்கப்பா." உட்காராமலே போய்விட்டார்.

வியாழன் காலை ஆறுக்கு முதல் வேலையாக மோட்டாரைப் போட்டேன். கூலிக்கு வந்தவரை நிறுத்திவிட்டு, மண்வெட்டியை மாப்பிள்ளையின் கடிகாரக் கையில் கொடுத்தேன்.