ரோம வீரனின் அம்மைப்பால் தழும்பு

ஐந்தாவது தடவையில் ஓட்டுநர் உரிமம். வெளியே கொடுக்காத ரோமாபுரி வரலாற்றுப் புத்தகத்தை ஒரு வாரம் வீட்டில் வைத்திருக்க நூலகத்தின் அனுமதி. ஏழு பேர் இருக்கும் எங்கள் பிளேஸ்டோ வீட்டில் ஞாயிறு மாலை வீடியோ ரிமோட். என் தம்பி பாலேந்திரா லண்டனில் ஆறு வருடத்தில் வென்றவற்றில் சில இவை.

ரிமோட்டோடு கம்பளத்தில், திரைக்கு ஒரு முழத் தூரத்தில் சம்மணமிட்டு இருப்பான். தொலைக்காட்சியில் மறுபடி காட்டும் பழைய ரோம நாடகங்களை ஒன்றுவிடாமல் பதிந்து வைத்திருக்கிறான். செனட்டர் பேச வாயெடுத்தால் படம் நின்று நடுங்கும்.

"அக்கா, சந்தையைப் பாருங்கோ, தக்காளி! அது அங்க போய்ச் சேர இன்னும் ஆயிரத்தைந்நூறு வருஷம் கிடக்கு."

பகலில் காய்கறிக் கடையில் பெட்டி அடுக்குகிறான். தக்காளி அவன் கண்ணுக்குத் தப்பாது. குதிரைச் சேணத்தில் கால் வைக்கும் இரும்பு வளையம் தொங்கினாலும் விடமாட்டான்; அதுவும் ரோமருக்குப் பிந்தி வந்ததாம். மிளகை மட்டும் அனுமதிப்பான். "அது சரி. எங்கட பக்கத்தால போனதுதானே."

என் கணவருக்குப் பொறுக்காது. "எட, அந்தச் சனம் செத்து ரெண்டாயிரம் வருஷம். ஆருக்காக நீ நியாயம் கேக்கிறாய்?"

"ஆருக்கெண்டாலும் கேக்கத்தானே வேணும், அத்தான்."

கேட்பது கடிதத்தில். எழுதுவது அவன், கையெழுத்து வைப்பது நான். அவனுடைய அகதி வழக்கு முடியாமல் கிடந்தது. "என்ர பேரைப் போட்டா, தஞ்சம் கேட்டு வந்தவன் டிவியில குறை பிடிக்கிறான் எண்டு திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்." ஆகவே, தொலைக்காட்சி நிலையத்தைப் பொறுத்தவரை ரோமாபுரியைக் கரைத்துக் குடித்தவள் திருமதி தவநாயகி கனகலிங்கம். நன்றி சொல்லிப் பதில்கூட வந்தது. அதை எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டி, "உங்களை நல்லாப் புகழ்ந்திருக்கினம்" என்றான்.

சென்ற வெள்ளிக்கிழமை வக்கீல் தொலைபேசியில் அழைத்தார். வழக்கு வென்றுவிட்டது, இந்த நாட்டிலேயே இருக்கலாம். தம்பி "ஓம் சேர், ஓம் சேர்" என்றான். தொலைபேசியை வைத்துவிட்டு, பாதியில் விட்ட வெங்காயத்தை உரித்து முடித்தான்.

ஞாயிறு மாலை ரோம வீரன் ஒருவன் வாளை ஓங்கினான். படம் நின்றது. வீரனின் இடது தோளில், அம்மை வராமல் தடுக்க அம்மைப்பால் குத்திய தழும்பு. தம்பி தன் சட்டைக் கையைச் சுருட்டி ஒப்பிட்டுப் பார்த்தான்.

"அதே இடம், அக்கா. எனக்குப் பள்ளிக்கூடத்தில குத்தினது. இவனுக்கு ஆர் குத்தினது?"

கடிதம் ஒரு பக்கம் வந்தது. நான் வழக்கம்போலப் பேனாவைத் திறந்துகொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"நீங்கள் விடுங்கோ, அக்கா" என்று பேனாவை வாங்கிக்கொண்டான். தாளை நேராக்கி, அடியில் மெதுவாக எழுதினான்: செ. பாலேந்திரா, 15 மார்ச் 1992.