நான்காம் எண் வாயுமானி

2019 மார்ச் 8, வெள்ளிக்கிழமை. காலையில் ஆலங்கட்டி மழை. அதன்பின் எங்கும் மூடுபனி. இது கற்பனை அன்று. பொலிவியாவின் பொதோசி நகரை ஒட்டிய மலைச்சரிவில், ஒரு சுரங்கக் கூட்டுறவு அலுவலகத்தில் நடந்தது. அங்கே பணிபுரியும் நில்டா கோல்கே இன்றும் அந்த அறைக்குள் தனியாக நுழைவதில்லை.

கார்னிவல் திருவிழா விடுமுறை முடிந்து, பிற்பகல் வேலைக்குச் சுரங்கம் திறக்கும் நாள் அது. ஒரு வாரம் பூட்டிக் கிடந்த குகையில் நச்சுக்காற்று தேங்கியிருக்கும். உள்ளே மாட்டப்பட்ட ஐந்து வாயுமானிகளின் அளவைக் கணினியில் பார்த்து நில்டா சம்மதம் சொன்ன பிறகே ஆட்கள் இறங்குவது வழக்கம். ஆனால் முந்தைய இரவு கணினி தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டிருந்தது. மானிகளைக் கணினியோடு இணைக்கும் நெட்வொர்க் கார்டின் பெயருக்கு அருகே மஞ்சள் முக்கோணம். திரையில் ஐந்து மானிகளின் கட்டங்களும் வெறுமை.

கார்டை இயக்கும் டிரைவரை நீக்கினாள். மீண்டும் ஏற்றினாள். கணினியை அணைத்து எழுப்பினாள். அதே முக்கோணம். சரியான டிரைவரை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளுமாறு கணினி அறிவுரை கூறியது. இணையமே இல்லாதவளிடம்!

"இன்னும் எவ்ளோ நேரம்க்கா?" வாசலில் தம்பி ஏவெர், களைப்புத் தெரியாமலிருக்க மெல்லும் கோக்கா இலையைக் கன்னத்தில் அதக்கியபடி நின்றான். "பசங்க எறங்கத் தயாரா நிக்கிறாங்க."

"நான் சொல்லாம ஒருத்தனும் உள்ள போகக்கூடாது. செவ்வாய்க்கிழமை இந்தக் கம்ப்யூட்டர் மேல சாராயம் தெளிச்சது எவன்டா?"

"கார்னிவல்ல எல்லா மெஷினுக்கும்தானே தெளிப்போம்? மரியாதை செய்ய வேணாமா?"

"மரியாதையா? கார்டையே குளிப்பாட்டி வச்சிருக்கே!"

"அப்போ அதுக்குப் போதை தெளியட்டும். அரை மணி பார்ப்பேன், அப்புறம் எறங்கிடுவோம்."

சிரித்துக்கொண்டே போனான்.

நில்டா கணினிப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே திருவிழாவில் தூவிய வண்ணக் காகிதத் துணுக்குகள். ஈரம் துளியும் இல்லை. ஆயினும் கார்டைக் கழற்றித் துடைத்துப் பொருத்தினாள். பயனில்லை. சாராயத்தின் மேல் பழி போட்டு, இருந்த அரை மணியையும் தொலைத்துவிட்டாள். எரிச்சல் தாளாமல் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கி மேசைமேல் எறிந்தாள்.

டிக்... டிக்...

கார்டின் பச்சை விளக்கு மினுக்கியது.

கேபிள் மேசையில் கிடந்தது.

திரையில் நான்காம் கட்டத்தில் மட்டும் நச்சுக்காற்றின் அளவு ஏறியது.

210...

460...

900...

கட்டம் சிவப்பானது. அபாய அளவு.

நில்டா ஓடினாள். ஏவெரின் ஒரு கால் சுரங்க வாயிலுக்குள் இருந்தது.

"நில்லுடா! வெளிய வா!"

"என்னக்கா, போதை தெளிஞ்சிடுச்சா?"

"சிவப்புடா. வா!"

பக்கத்துக் கூட்டுறவில் ஒரு கையடக்க மானியை இரவல் வாங்கி, நீண்ட கழியில் கட்டி உள்ளே நீட்டினார்கள். உடனே அலறியது.

பிறகு ஏவெர் கேட்டான்.

"எந்த மானி காட்டுச்சு?"

"நாலாம் நம்பர்."

அவன் மெல்வதை நிறுத்தினான்.

"அக்கா... அது உள்ளேயே இல்ல. நம்ம ஸெனோன் மாமா நச்சுக்காத்துல மூச்சு முட்டிச் செத்த இடத்துல இருந்தது அதுதான். லீவுக்கு முன்னாடியே கழட்டி உன் டிராயர்ல போட்டேன். சொல்ல மறந்துட்டேன்."

இருவரும் அலுவலகத்துக்குத் திரும்பினார்கள். பச்சை விளக்கு இன்னும் மினுக்கியது. நில்டா டிராயரை இழுத்தாள்.

நான்காம் எண் மானி. பேட்டரி இல்லை.

அதன் கண்ணாடியின் உட்புறத்தில், யாரோ மூச்சு விட்டதுபோல் ஆவி படிந்திருந்தது.

மெல்ல மெல்ல அது மறைந்தது... பச்சை விளக்கும் அணைந்தது.

அப்போது மாலை 4 மணி 17 நிமிடம்.