செவுள் சிவப்பு

மகளின் கண்ணாடித் தொட்டியில் தங்கமீன் ஒன்று, உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளிகளோடு இரண்டு நாளாக ஒருக்களித்துக் கிடக்கிறது. தொட்டி விற்ற கடைக்காரர் கல்லுப்பைக் கரைத்து ஊற்றச் சொன்னார். நனைந்த உப்பின் வாடை கையில் ஏறியதும் பழவேற்காட்டு ஏரிக்கரையில் இருந்த மீன் கொட்டகை நினைவுக்கு வந்தது.

இப்போது அங்கே வண்டிகள் நிறுத்துகிறார்கள். அப்போதெல்லாம் விடிந்ததும் ஈரச் சிமெண்டுத் தரையில் மடவை மீன்களைக் கொட்டுவார்கள். மூலையில் விற்காத மீனுக்கான உப்புக் குவியல் கசிந்துகொண்டிருக்கும். காலில் ஒட்டிய செதில் பள்ளிக்கூடம் போன பிறகும் உதிராது. இதற்கு நடுவே அம்மா கூடையின் முன் குந்தியிருந்து, மீன் புதுசா என்று யார் வந்து கேட்டாலும் ஒன்றை எடுத்து, கட்டைவிரல் நகத்தால் செவுளைத் தூக்கிக் காட்டிக்கொண்டேயிருப்பாள்.

"பாரு, செவப்பா கீது. நல்லாத்தான் கீது."

நான் பாட்டிலில் வளர்த்த கெண்டைக்குஞ்சும் ஒருநாள் இப்படித்தான் சாய்ந்து கிடந்தது. கொட்டகைக்கு எடுத்துப் போனேன். அம்மா அதே நகத்தால் அதன் செவுளையும் தூக்கிப் பார்த்து, "நல்லாத்தான் கீது, போ" என்று தண்ணீரில் போட்டுவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தாள். நம்பினேன். சாயங்காலம் செத்திருந்தது.

"பொழைச்சிடுமாப்பா?" என்கிறாள் மகள்.

தொட்டியிலிருந்து எடுத்த மீன் என் கையில் இருக்கிறது. கட்டைவிரல் தானாகச் செவுளைத் தூக்குகிறது. சிவப்பாகத்தான் இருக்கிறது.

"நல்லாத்தான் இருக்கு" என்கிறேன்.

அம்மா அப்படிச் சொன்ன மீன்களில், சொன்னபோது உயிரோடிருந்தது அந்தக் குஞ்சு ஒன்றுதான்.