கைமாற்று அரிசி

அலையாத்திக்குடியில் சத்துணவை மூடப் போகிறார்கள் என்ற சேதியை அதிராம்பட்டினம் பஸ் கண்டக்டர் ஒரு மீன்காரியிடம் சொல்ல, அவள் இறங்குகிற அவசரத்தில் அதைச் சுந்தரியின் காதில் போட்டுவிட்டுப் போனாள். சமையல்காரி சுந்தரி அதை அடுப்படிக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் சேதிக்குக் கையும் காலும் முளைத்துவிட்டது.

"மூடலயாம்க்கா. கல்யாணம் ஐயர் வீட்டு டிரஸ்ட்டு எடுத்து நடத்தப் போவுதாம். கவர்மெண்டு கைகழுவிடுச்சாம். நாம ரெண்டு பேரும் இனிமே ஐயர் வீட்டு ஆளுங்களாம்."

"யாரு சொன்னா?"

"கண்டக்டரு சொன்னாராம்."

"அவரு டிக்கெட்டயே சரியாக் கிழிக்க மாட்டாரு" என்றாள் ராஜம்மாள். சொன்னாளே தவிர, அரிசி டிரம்மின் மூடியை இன்னொரு தடவை திறந்து பார்த்தாள். நேற்றே அதை வழித்துக் கஞ்சியாகக் காய்ச்சியாயிற்று. ஐப்பசி மழையில் வாய்க்கால் உடைத்து ரோடு போனபோது அரிசி லாரி நின்றது. ரோட்டுக்கு மண் கொட்டி பஸ்ஸும் ஓடத் தொடங்கிவிட்டது. லாரியை மட்டும் காணோம்.

ராஜம்மாள் அந்தச் சத்துணவுக் கூடத்தின் அமைப்பாளர். ஊர் வாயில் அந்தச் சொல் நுழையாமல் 'சோத்து டீச்சர்' ஆகியிருந்தது. புருஷன் காயாரோகணம் ஒரு புயலில் படகோடு போய்த் திரும்பாதவன். பத்தாவது வரை படித்த விதவை என்பதால் திட்டம் வந்தவுடன் வேலை கிடைத்தது. சேர்ந்த அன்றே ஒன்றைப் பார்த்தாள். யாரும் சொல்லாமலே கடற்கரைத் தெருப் பிள்ளைகள் ஒரு வரிசை, வயல்வேலைக்காரர் தெருப் பிள்ளைகள் ஒரு வரிசை என்று உட்கார்ந்தார்கள். மறுநாளிலிருந்து உயரப்படி உட்காரவைத்தாள். அவளுடைய கடற்கரைத் தெருக்காரி ஒருத்தியே சண்டைக்கு வந்தாள்.

"எம் மவன அங்க எதுக்குடி உக்கார வச்சே?"

"குட்டையா இருக்கான், முன்னால உக்காந்திருக்கான். நல்லா ஊட்டி வளத்து விடு, தானா பின்னால போவான்."

சண்டைக்கு வந்தவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்த வரிசையை யாரும் கலைக்கவில்லை.

சுந்தரி கொண்டுவந்த சேதி பொய்யில்லை என்பது அன்று காலையே தெரிந்தது. பள்ளிக்கூட வாசலில் அம்பாசிடர் வந்து நின்றது. பின்னாலேயே ஒரு மாட்டு வண்டி, அதில் அரிசி மூட்டைகள், மூட்டை மேல் பெயிண்ட் டப்பாவோடு இளையபெருமாள். அந்தப் பக்கத்துக் கோயில் டியூப் லைட்டுகளில் இருக்கும் உபயதாரர் பேர்களில் பாதி அவர் கையெழுத்துத்தான். கல்யாணம் காரைவிட்டு இறங்கினார். அவர் மனைவி அபயாம்பாள் கார்க்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தார். தஞ்சாவூரில் வீடு, பிள்ளைகள் வெளிநாட்டில். அலையாத்திக்குடியில் மிச்சம் இருந்தது நிலம்தான். உச்சவரம்புச் சட்டத்தில் போனது போக மீதியை ஒரு தர்ம டிரஸ்ட்டின் பேரில் எழுதி வைத்திருந்தார்கள். தர்மம் நடந்தால்தான் டிரஸ்ட் நிற்கும், டிரஸ்ட் நின்றால்தான் நிலம் நிற்கும். இது ஊரில் மாடு மேய்க்கிறவனுக்கும் தெரியும்.

கல்யாணம் கெட்டவர் இல்லை. ராஜம்மாளுக்கு அதுதான் சிக்கல்.

"குழந்தைகள் நேத்திக்கு வெறும் கஞ்சி குடிச்சுதாமேம்மா. கேட்டதுலேர்ந்து மனசே சரியில்ல" என்றார். "இனிமே லாரியப் பாத்துண்டு நிக்க வேண்டாம். டிரஸ்ட்டே நடத்தட்டும். உன் வேலைக்கும் சுந்தரி வேலைக்கும் நான் பொறுப்பு. பஞ்சாயத்து யூனியன் ஆபீஸ்ல பேசிட்டேன். அமைப்பாளருக்கு ஆட்சேபணை இருந்தா இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள போன் பண்ணட்டும், பண்ணலேன்னா சம்மதம்னு எழுதி மேல அனுப்பிடறேன்னார் அதிகாரி."

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே இளையபெருமாள் கூடத்துச் சுவரில் நீல எழுத்தில் 'உபயம்' என்று எழுதி, பக்கத்தில் இரண்டு புள்ளி வைத்துவிட்டுப் பேருக்காகக் காத்திருந்தார்.

ராஜம்மாள் அந்தப் புள்ளிகளையே பார்த்தாள். இதே வார்த்தையை ஒரு கஞ்சித் தொட்டியின் விளிம்பில் பார்த்திருக்கிறாள். அவள் சிறுமியாக இருந்தபோது அடித்த புயலுக்குப் பிறகு, கல்யாணத்தின் அப்பா கோயிலுக்குப் பின்னால் அந்தத் தொட்டியை வைத்தார். கடற்கரைத் தெரு அதில் குடித்துத்தான் பிழைத்தது. அதை அவள் ஒருநாளும் மறுத்ததில்லை. அப்புறம் கூலிச் சண்டை வந்தது. கூடுதல் நெல் கேட்டு வயல்வேலைக்காரர்கள் கொடி நட்டு அரிவாளைக் கீழே வைத்தார்கள். அறுப்புக்கு வரச் சொல்லிப் பெரிய ஐயர் கடற்கரைத் தெருவுக்கு ஆள் அனுப்பினார். 'வலை பிடிச்ச கைக்கு அருவா ஒத்துவராதுங்க' என்று ராஜம்மாளின் அப்பா பணிவாகத்தான் சொல்லி அனுப்பினார். மறுநாள் அவள் கிண்ணத்தோடு போனபோது தொட்டி குப்புறக் கவிழ்ந்து கிடந்தது. யாரும் திட்டவில்லை, விரட்டவில்லை. தொட்டியின் மேல் ஒரு நாய் படுத்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

உள்ளே பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும் சத்தம் கேட்டது. மதிய மணி அடித்தால் தட்டோடு வந்துவிடுவார்கள். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது, போட அரிசி இல்லை.

"ஐயா, அரிசி வேணும்" என்றாள் ராஜம்மாள். "உபயமா வேணாம். கைமாத்தாக் குடுங்க."

"என்னது?"

"கைமாத்துங்க. லாரி வந்த அன்னிக்கே எங்க அடுப்படி மரக்கால்லயே அளந்து திருப்பிடுறேன்."

வண்டிக்காரர் சிரிப்பை அடக்கத் துண்டால் வாயைத் துடைத்தார். கைமாற்று என்பது அடுத்த வீட்டுக்காரி அடுத்த வீட்டுக்காரியிடம் வாங்குவது. படிக்குப் படி திரும்பிவிடும். நன்றியும் இல்லை, கும்பிடும் இல்லை. பெரிய வீட்டில் கடற்கரைத் தெரு கூலி வாங்கியிருக்கிறது, கஞ்சி வாங்கியிருக்கிறது. கைமாற்று வாங்கியதில்லை.

கல்யாணத்தின் முகம் சிவந்தது. "நானே தரேங்கறேன். திருப்பித் தரேன்னா என்ன அர்த்தம்? எங்காத்துல யாரும் கைமாத்துன்னு குடுத்ததில்லையேம்மா."

"குடுத்துப் பாருங்கய்யா. திரும்பி வந்துரும்."

"கவர்மெண்டை நம்பியா? ஒரு லாரி அனுப்ப வக்கில்லாதவாள நம்பியா சொல்றே?"

அந்தக் கேள்வி அவளைக் குத்தியது. நேற்றிலிருந்து அவள் தன்னையே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது.

"லாரி வரலேன்னா ஆபீஸ் வாசல்ல போய்ச் சண்டை போடுவேங்க. ஏன் வரலேன்னு கேக்க எனக்குப் பாத்தியதை இருக்கு. உங்க தொட்டி கவுந்துச்சுன்னா நான் யாரக் கேக்கறது? உங்களக் கேட்டா அது தப்புன்னு ஆயிடுமே."

கல்யாணம் சுவரில் இருந்த 'உபயம்' பக்கம் திரும்பினார். தொட்டியைப் பார்த்த வயதுதான் அவருக்கும். காருக்குள்ளிருந்து அபயாம்பாளின் குரல் வந்தது.

"ஏன்னா, காப்பிப் பொடி தீர்ந்தா நான் பக்கத்தாத்து வாலாம்பாள்ட்டேர்ந்து கைமாத்து வாங்கலையா? அவ என்ன எனக்கு உபயமா பண்றா? உலை கொதிக்கறதே. அளந்து போடச் சொல்லுங்கோ."

கல்யாணம் வண்டிக்காரருக்குத் தலையசைத்தார். ஒரு மூட்டை மட்டும் இறங்கியது. மரக்காலால் தானே அளந்து டிரம்மில் கொட்டினாள் ராஜம்மாள். சுந்தரி அதிலிருந்து அள்ளிக் களைந்து உலையில் போட்டாள்.

"அரிசி சரி" என்றார் கல்யாணம், காரில் ஏறும்போது. "ஆட்சேபணைய நீதான் போன்ல சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்."

"சொல்லிடுறேங்க."

கார் போன பிறகு இளையபெருமாள் சுவரைக் காட்டினார். "இத என்னம்மா பண்றது? எழுதுன கூலியாச்சும் வருமா?"

"வெள்ளையடிங்க. கூலிய அவங்ககிட்ட கேளுங்க. சோறு வேணா சாப்ட்டுட்டுப் போங்க, உயரப்படி பின் வரிசையில."

சோறு போட்டு முடித்தவுடன் ராஜம்மாள் மெயின் ரோட்டுக்கு நடந்தாள். அந்தப் பக்கத்தில் போன் இருந்த ஒரே வீடு ரஹ்மத் பீவியுடையது. அவர் புருஷன் மலேசியாவில் கடை வைத்திருந்தார். பீவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போனை அவள் பக்கம் நகர்த்தினார். எக்ஸ்சேஞ்சில் யூனியன் ஆபீஸ் நம்பரைச் சொன்னாள்.

மணி போனது. போய்க்கொண்டே இருந்தது.

"எடுக்கலயே, கட் பண்ணிடவா?" என்றது எக்ஸ்சேஞ்சுக் குரல்.

"பண்ணாதீங்க."

"சாப்பாட்டுக்குப் போயிருப்பாங்கம்மா" என்றார் பீவி. "அவங்க வயிறு நெறஞ்சு வர வரைக்கும் நீங்க நிக்கணுமா? உக்காருங்க. டீ போடச் சொல்றேன்."

ராஜம்மாள் உட்காரவில்லை. வாசல் வழியே ரோடு தெரிந்தது. ஒரு லாரி வந்தது, அருகில் வந்தபோது அது வைக்கோல் லாரி. சாயங்காலம் ஆக இன்னும் நேரம் இருந்தது. ரிசீவரை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"இன்னும் அடிக்குதா?" என்றார் பீவி, டீயோடு வந்து.

"அடிக்குது."